திங்கட்கிழமைக்குள் முகம் தெளிய வேண்டும் என்று கேட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

திங்கட்கிழமை நேர்காணல், கையில் ஐந்து நாள், பர்ஸில் ஒன்றும் இல்லை, முகம் வேறு களைத்துக் கிடக்கிறது, எந்த க்ரீம் வாங்கலாம் அக்கா என்று கேட்டிருந்தாய். தனியாகவே பதில் போட்டிருக்கலாம். ஆனால் இந்த ஒரு மாதத்தில் இதையே கேட்ட மூன்றாவது ஆள் நீ. அதனால் உன் பெயரைச் சொல்லாமல் பொதுவில் எழுதிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

க்ரீம் எதுவும் வாங்காதே. தோலின் மேலடுக்கு முழுசாகப் புதுசாவதற்கே ஏறக்குறைய ஒரு மாதம் பிடிக்கும். ஐந்து நாளில் எந்த டப்பாவும் அதை அவசரப்படுத்த முடியாது. 'மூன்றே நாளில் பளபளப்பு' என்று வருகிற ஊர் பேர் தெரியாத க்ரீம்கள் பக்கமே போகாதே. அந்த மாதிரிச் சரக்கில் பாதரசமும் ஸ்டீராய்டும் பல நாடுகளில் பிடிபட்டிருக்கின்றன. ஸ்டீராய்டு முதலில் மினுக்கிக் காட்டும், அப்புறம் தோலை மெலியவைத்துப் பருவைக் கிளப்பிவிடும்.

கை வைத்தியமும் வேண்டாம். இதைப் பட்டுத் தெரிந்துகொண்டவள் நான். என் முதல் நேர்காணலுக்கு முந்தின நாள் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து முகத்தில் தேய்த்துக்கொண்டு, ஏதோ வேலையாக வெயிலில் போய்விட்டு வந்தேன். மறுநாள் வலது கன்னத்தில் செக்கச்செவேல் என்று ஒரு திட்டு. அது கறுத்து மறையச் சில வாரங்கள் ஆயின. எலுமிச்சையில் வெயில் பட்டால் தோலைப் பொசுக்குகிற பொருள் இருக்கிறது என்பது பின்னால்தான் தெரிந்தது. உனக்கு இப்போதைக்கு மென்மையான சோப்பு, ஈரம் காய்வதற்குள் வீட்டில் இருக்கும் ஏதாவது மாய்ஸ்சரைசர், உதட்டுக்குத் துளி வாஸ்லின் போதும். பருவைக் கிள்ளாதே. முகம் அவ்வளவுதான்.

முகத்தை நிஜமாகவே மாற்றுகிற ஒன்று உண்டு, காசு கேட்காது. தூங்கு. ஸ்வீடனில் நடந்து 2010-இல் வெளியான ஓர் ஆய்வில் 23 பேரை நன்றாகத் தூங்கிய பிறகு ஒரு முறையும், 31 மணி நேரம் விழித்திருந்த பிறகு ஒரு முறையும் படம் எடுத்தார்கள். எந்தப் படம் எப்போது எடுத்தது என்று தெரியாத 65 பேரிடம் காட்டினால், தூங்காத முகங்களைத்தான் களைப்பானவை, ஆரோக்கியம் குறைந்தவை என்று சொன்னார்கள். கடைசி நாள் மட்டும் பத்து மணி நேரம் தூங்கிச் சமாளித்துவிடலாம் என்று கணக்குப் போடாதே, படபடப்பில் அன்றைக்குத்தான் தூக்கம் வராது. இன்றைக்கே ஆரம்பி.

இனி சட்டைக்கு வருவோம். எனக்கு இதில்தான் அக்கறை அதிகம். எதிரே மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு உன் முகத்துக்கு அடுத்தபடியாகத் தெரிவது காலர். இருக்கிற சட்டைகளில் தோளில் சரியாக உட்காருகிற ஒன்றை எடு. தோள் தையல் தோள் எலும்பு முடிகிற இடத்தில் நிற்க வேண்டும், மற்றதெல்லாம் சமாளிக்கலாம். காலரைத் திருப்பிப் பார். உள்ளே பழுப்பாக ஒரு கோடு ஓடும், கழுத்து எண்ணெய். அதில் கொஞ்சம் ஷாம்பு தடவி அரை மணி நேரம் விட்டு, பழைய பல்துலக்கியால் தேய்த்துத் துவை. எல்லாப் பொத்தானையும் ஒருமுறை இழுத்துப் பார், ஆடுகிறதை இன்றே தைத்துவிடு. நூல் பிசிறை வெட்டு, கையால் பிய்த்தால் தையல் ஓடிவிடும்.

இஸ்திரி போடும்போது துணியில் லேசாக ஈரம் இருக்கட்டும். காலரை முதலில் உள்பக்கம், அப்புறம் வெளிப்பக்கம், இரண்டு முனையிலிருந்தும் நடுவை நோக்கித் தேய். நடுவிலிருந்து முனைக்குத் தள்ளினால் முனையில் ஒரு சுருக்கு விழுந்துவிடும், அதை எடுப்பது கஷ்டம். பொத்தான் பட்டையை உள்பக்கமிருந்து தேய்த்தால் பொத்தான்களைச் சுற்றி அல்லாட வேண்டாம். முடித்ததும் ஹேங்கரில் மாட்டி ஆறவிடு. சூட்டோடு போட்டால் முழங்கை மடிப்பு அப்படியே பதிந்துவிடும்.

ஷூவின் மேல்பக்கத்தைத்தான் எல்லாரும் துடைப்பார்கள். அடிப்பாகத்தின் ஓரத்தையும் ஈரத்துணியால் துடை, லேஸைக் கழற்றித் துவை. கடன் வாங்கிய புது ஷூ வேண்டவே வேண்டாம், நடையே காட்டிக்கொடுத்துவிடும்.

முடி வெட்டுவதை வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடு. எப்போதும் வெட்டுகிறவரிடம், எப்போதும் போல. இரண்டு மூன்று நாளில் கொஞ்சம் படிந்துவிடும். ஷேவிங்குக்குப் புது பிளேடு ஒன்று வாங்கு, முடிவெட்டைத் தவிர உன்னைச் செலவு செய்யச் சொல்வது இதற்கு மட்டும்தான். குளித்த பிறகு, முடி வளர்கிற திசையிலேயே இழு. நகம், மூக்கு முடி, நாக்கு வழிப்பது, இதெல்லாம் உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வியர்வையைப் பற்றி ஒரு வார்த்தை. வியர்வையைத் தடுக்கிற ரோல்-ஆன் வைத்திருந்தால் முந்தின இரவே, அக்குள் நன்றாக உலர்ந்த பிறகு போடு. அதில் உள்ள அலுமினிய உப்பு வியர்வைக் குழாய்களின் வாயை அடைக்கிறது. காலையில் வியர்த்துக்கொண்டே பூசினால் கரைந்து வழிந்துவிடும்.

சரி, தன்னம்பிக்கை. கண்ணாடி முன்னால் இடுப்பில் கை வைத்து இரண்டு நிமிடம் வீரனைப் போல நில் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அதைக் கிளப்பிவிட்ட 2010 ஆய்வை எழுதியவர்களில் ஒருவரே 2016-இல் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை என்று எழுதிவிட்டார். அந்த நேரத்தில் வேறு செய். ஞாயிற்றுக்கிழமை முழு உடுப்பையும் ஷூ உட்பட மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார், கையைத் தூக்கு, குனிந்து எழு. எங்கே இழுக்கிறது, எங்கே சட்டை வெளியே வருகிறது என்று அப்போதே தெரிந்துவிடும். 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்பதற்கு உன் முதல் இரண்டு வாக்கியத்தை அதே உடையில் வாய்விட்டுப் பத்து முறை சொல். மூன்றாவது வாக்கியம் தானாக வரும்.

அப்படியும் சட்டை பழசு, எல்லாரும் பார்ப்பார்கள் என்று குறுகுறுத்தால் இதைக் கேள். அமெரிக்காவில் தாமஸ் கிலோவிச் என்ற உளவியலாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் மாணவர்களைக் கூச்சப்படவைக்கும் படம் போட்ட டி-ஷர்ட்டோடு ஓர் அறைக்குள் அனுப்பினார்கள். கிட்டத்தட்டப் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று நினைத்தார்கள் மாணவர்கள். கவனித்தது கால்வாசிப் பேர்தான். 2000-இல் வெளியானது இது. உன் சட்டையில் படம் கூட இல்லை.

திங்களன்று இருபது நிமிடம் முன்னதாகவே போய்விடு. முகம் கழுவவும் மூச்சு அடங்கவும் நேரம் இருக்கும். கைக்குட்டை இரண்டு வைத்துக்கொள், ஒன்று வியர்வைக்கு, மற்றது ஷூவுக்கு. மாற்றிவிடாதே.

நாளை சாயங்காலம் சட்டையைப் போட்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. காலர் தெரிகிற மாதிரி.

அன்புடன்,
அக்கா