மச்சான், அந்தக் கசெட்டைச் சுற்றாதே

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பு மச்சான்,

உன் கடிதம் கிடைத்து ஒரு மாதம் தாண்டிவிட்டது. பதில் பிந்தியதற்குப் பாதிக் காரணம் என் சோம்பல். மீதிப் பாதி உன் மருமகன், அக்காவின் மகன். என் மேசை, கடதாசி, வாசிப்புக் கண்ணாடி எல்லாம் பின்னறையில் இருந்தன. அந்த அறை மாசி மாதத்திலிருந்து என் வசம் இல்லை. இதைக் குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன். ஒரு பக்கம் வெங்காயம், மறுபக்கம் மின்சாரப் பட்டியல். அந்தப் பட்டியல் ஏறியதற்கும் அவன்தான் காரணம்.

மற்றபடி இங்கே சுகம். வைகாசியில் கண்ணகி அம்மன் குளிர்த்திச் சடங்கு முடிந்த கையோடு, வெக்கையைக் கொண்டுவரும் கச்சான் காற்று தொடங்கிவிட்டது. பகலில் வெளியே தலைகாட்ட முடியவில்லை. பின்னேரத்தில் பழைய பாலத்துக்குப் போய் நிற்பேன். 1924 இல் கட்டிய இரும்பு இன்னும் நிற்கிறது. வாகனங்கள் எல்லாம் பக்கத்தில் உள்ள புதுப் பாலத்தால் போவதால் நம்மைப் போன்றவர்களுக்கு அங்கே நிம்மதி. நம் வாவிக் கதைகளில் வரும் பாடும் மீன் இன்னும் பாடுகிறதா என்று கேட்டு எழுதியிருந்தாய். மீனுக்கு வாய்ப்புக் கொடுக்க வேண்டாமா? உன் மருமகனும் கூட்டாளிகளும் தங்கள் முதற் பாட்டை அந்தப் பாலத்தில் நின்றுதான் கட்டினார்கள். இரவு பத்து மணிக்கு, காலால் பாலத்தின் இரும்பில் தட்டித் தட்டி. பாடவந்த மீனும் ஓடியிருக்கும்.

அவர்கள் மூன்று பேர் என்பது உனக்குத் தெரியும். உன் மருமகன், காத்தான்குடிப் பொடியன், திருக்கோவிலில் இருந்து பஸ் ஏறி வரும் மற்றவன். இரண்டு வருடமாகத் தனித்தனிப் பாட்டுகளாக வெளிவிட்டவர்கள், இப்போது பத்துப் பாட்டில் ஒரு ராப் அல்பம் செய்கிறார்கள். கம்பனி இல்லை, முதலாளி இல்லை. முதலில் சித்திரை வருடப் பிறப்புக்கு என்றார்கள். பிறகு குளிர்த்திக்கு முன் என்றார்கள். இப்போதைய தவணை ஆடி அமாவாசை, மாமாங்கக் கோயில் தீர்த்தம். நான் நம்பவில்லை. ஆனால் தினமும் காத்திருக்கிறேன். இந்த வயதில் ஒரு பாட்டுத் தொகுப்புக்காக நாள் எண்ணுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

உன் கடிதத்தில், "கறுப்பின அமெரிக்கர்களின் பாட்டு நம் ஊருக்கு எதற்கு?" என்று கேட்டிருந்தாய். நல்ல கேள்வி, ஆனால் கேட்கும் ஆளைப் பார்! 2006 இல் மலேசியாவின் யோகி பி குழுவினுடைய சீடியை எனக்கு அனுப்பிவைத்தது யார்? "இது பாட்டா, ஏலக்கூறலா?" என்று நான் திருப்பி எழுதியதும் எனக்கு நினைவிருக்கிறது. பிறகு அந்தச் சீடி கீறல் விழும்வரை ஓடியது. தமிழை அந்த வேகத்தில், சொல் சிதறாமல் அடுக்க முடியும் என்று எனக்குக் காட்டியவர்கள் அவர்கள்தான்.

இங்கே மேடைப் பேச்சாளர்கள் உன் கேள்விக்கு நேர்மாறு. எந்த விழாவுக்குப் போனாலும், "ராப் என்பது புதிதல்ல, நம் கூத்தில் ஏற்கெனவே இருந்தது" என்று ஒருவர் சொல்வார், சபை கைதட்டும். எனக்கு அதைக் கேட்டால் எரிச்சல். 1973 ஓகஸ்ட் 11 ஆம் தேதி, நியூயோர்க்கின் பிரொங்க்ஸ் பகுதியில், ஒரு பெண் பிள்ளை பாடசாலைக்கு உடுப்பு வாங்கக் காசு சேர்ப்பதற்காக வைத்த ஒரு கொண்டாட்டத்தில், அவளுடைய அண்ணன், ஜமேக்காவில் இருந்து போன கூல் ஹேர்க், இரண்டு இசைத்தட்டுச் சுழலிகளை வைத்து ஆட்டியதைத்தான் ஹிப்ஹொப்பின் பிறப்பாகச் சொல்கிறார்கள். பாட்டில் மத்தளம் மட்டும் தனியாக ஒலிக்கும் சில விநாடி வரும் அல்லவா, ஆடுபவர்கள் அதற்குத்தான் காத்திருக்கிறார்கள் என்று அவர் கண்டுகொண்டார். ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதி வைத்து, ஒன்றில் அந்தத் துண்டு முடியும்போது மற்றதில் அதையே தொடங்கி, சில விநாடியைப் பல நிமிடமாக இழுத்தார். அது அவர்களுடைய வறுமையில், அவர்களுடைய தெருவில் விளைந்தது. அதையும் நாம் உரிமை கொண்டாடினால் அது களவு.

ஆனால், மச்சான், அந்தக் கதையை உன் மருமகன் எனக்குச் சொன்னபோது யார் என் கண்முன் வந்தார் என்று நினைக்கிறாய்? கூத்தாடும் வட்டக்களரியில், ஆட வந்த வரவுக்காரன் மூச்சுவாங்கச் சுற்றிவருகிறான். கூத்தைப் பழக்கி மத்தளம் அடிக்கும் அண்ணாவியார் அவன் காலைப் பார்க்கிறார். தாளக்கட்டை முடிக்காமல் "ததித்துளாதக ததிங்கிண" என்று இன்னும் ஒரு சுற்று, இன்னும் ஒரு சுற்று என்று இழுக்கிறார். அந்த அண்ணாவியார் உன் அப்பா. இதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

முதலில் அறையைச் சொல்ல வேண்டும். யன்னலுக்குப் பழைய மெத்தை. கதவுக்கு அரிசிச் சாக்கு, இரண்டு மடிப்பு. என் மனைவியின் அலுமாரியைத் திறந்துவைத்து, தொங்கும் சேலைகளுக்குள் முகத்தைப் புதைத்துப் பாடுகிறார்கள். சேலை எதிரொலியை விழுங்கிவிடுமாம். காற்றாடி போட்டால் மைக்கில் விழும், ஆகவே காற்றாடி இல்லை. இந்தக் கச்சான் வெக்கையில் ஒரு பாட்டுக்குள் போய் வருபவன் வாவியில் முங்கி எழுந்தவன் போலத் துவாயோடு வெளியே வருகிறான். ஒரு வரியை நாற்பது தடவை பாடுகிறார்கள். சுவருக்கு இப்பால் இருந்து கேட்கும் எனக்கு மனப்பாடமாகிவிடுகிறது. அவர்களுக்குத்தான் திருப்தி இல்லை.

எல்லாச் சத்தத்தையும் அடைத்தார்கள், ஒன்றைத் தவிர. தினமும் நாலு மணிக்குப் பாண் விற்கும் ஓட்டோ வரும், அதே பீத்தோவன் மெட்டை ஒலித்தபடி. எத்தனை மெத்தை வைத்தாலும் அது உள்ளே வந்துவிடும். முதல் பத்து நாள் அந்தப் பாண்காரரைத் திட்டினார்கள். பதினோராம் நாள் திருக்கோவில் பொடியன் மைக்கை முற்றத்துக்கு எடுத்துப்போய் அந்த மெட்டையே பதிந்துகொண்டு வந்தான். தொடக்கத்தில் இரண்டு சுரங்கள் ஒன்றையொன்று துரத்துமே, அந்தத் துண்டை மட்டும் வெட்டி, பாதி வேகத்துக்குக் குறைத்து, அதன் அடியில் காத்தான்குடிப் பொடியனின் மாமனாருடைய றபான் மேளத்தை வைத்தார்கள். பீத்தோவன் அதை எழுதியது 1810 இல் என்பதால் யாரிடமும் அனுமதி கேட்கவும் தேவையில்லை, காசு கட்டவும் தேவையில்லை. போன வருடம் ஒரு பழைய சினிமாப் பாட்டின் நான்கு விநாடியை எடுத்துப் போட்டதற்கு, இவர்களுடைய பாட்டே இணையத்தில் இருந்து தூக்கப்பட்டது. அந்தச் சூட்டில் கற்றுக்கொண்ட பாடம். பாண் ஓட்டோப் பாட்டுத்தான் அல்பத்தில் எனக்கு இதுவரை பிடித்தது. வெளிநாட்டில் இருக்கும் தாயிடம் ஒரு பிள்ளை நாலு மணிக்கு என்ன வாங்கித் தின்றேன் என்று சொல்வதுதான் பாட்டு. அவ்வளவுதான். ஊரில் எத்தனை வீட்டில் நடக்கிற கதை!

இன்னொரு பாட்டில் திரும்பத் திரும்ப வரும் சொல் "மறுகா". நீயும் நானும் கொழும்புக்கு வேலைக்குப் போன முதல் கிழமையிலேயே அந்தச் சொல்லை விழுங்கிவிட்டு "பிறகு" என்று பேசப் பழகினோம். சாப்பாட்டு மேசையில் ஒருவர் நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லிச் சிரித்தது இன்னும் உறைக்கிறது. கமில் சுவலபில் என்ற செக் அறிஞர், பேச்சுத் தமிழ்களுக்குள் எழுத்துத் தமிழுக்கு மிகவும் நெருங்கியது மட்டக்களப்புப் பேச்சுத்தான் என்று எழுதினார். அது நமக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்த மேசையில் உதவியிருக்காது. இந்தப் பிள்ளைகளுக்கு அந்த அத்தாட்சி தேவைப்படவில்லை. "மறுகா" அவர்களுக்குத் தாளத்தில் பொருந்துகிறது, வைத்துக்கொண்டார்கள். காத்தான்குடிப் பொடியன் தன் மூத்தம்மாவிடம் கேட்ட கவிகளின் நடையில் நாலு நாலு வரியாகக் கட்டுகிறான். உன் மருமகன் வேகக்காரன். மற்றவன் பாடுவது குறைவு, வெட்டி ஒட்டுவது அவன்தான். மூவரும் ஒரே அறையில் இருந்து ஒரே தட்டில் சாப்பிடுவதைப் பார்க்கும்போது, நம் இளவயதில் தமிழரும் முஸ்லிம்களும் அந்தச் சந்தியைத் தாண்டப் பயந்த நாட்கள் நினைவுக்கு வரும். அவர்களிடம் சொன்னதில்லை.

காசைப் பற்றி அக்கா கவலைப்படுகிறார். நியாயம்தான். ஸ்பொட்டிஃபையில் 2024 இல் இருந்து, ஒரு வருடத்துக்குள் 1000 தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ஒரு சதமும் இல்லை. அதைத் தாண்டினாலும் பிளேன்ரீக் காசுதான். பொடியன் பகலில் தொலைபேசி திருத்தும் கடைக்குப் போகிறான், அதை விடமாட்டேன் என்கிறான், அந்த மட்டில் சரி.

"ஒவ்வொரு பாட்டாக வெளிவிடுங்கள், சனம் மறந்துவிடும்" என்று நானும் ஒருநாள் புத்தி சொல்லப் போனேன். உன் மருமகன் சுவரில் ஒட்டியிருந்த பழைய கலண்டர்த் தாளைக் காட்டினான். பின்பக்கத்தில் பத்துப் பாட்டின் வரிசை. முதல் ஐந்தின் மேல் "எழுவான்", அடுத்த ஐந்தின் மேல் "படுவான்". எழுவான்கரைக் கடலோரத்தில் விடிந்து, வாவியைக் கடந்து, படுவான்கரை வயலுக்கு அப்பால் பொழுதுபடுகிற ஒரு நாள். "வரிசை மாறினால் நாள் குழம்பிவிடும், மாமா" என்றான். கசெட்டின் இரு பக்கமும் எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்று நாம் பாடமாக்கி வைத்திருந்தோமே, அது நினைவுக்கு வந்தது. ஒன்று முடியும்போதே அடுத்தது காதுக்குள் தொடங்கிவிடும். நான் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். சுவரால் கசிவதை எல்லாம் கேட்டுவிட்டேன்தான், ஆனால் அந்த வரிசையில், முதலில் இருந்து கடைசிவரை, ஒரே இருப்பில் கேட்க வேண்டும். அதற்குத்தான் காத்திருப்பு.

அந்தத் தாளில் ஒன்பது பெயர்தான் இருக்கிறது. பத்தாவது இலக்கத்துக்கு எதிரே பென்சிலால் "அம்மப்பா?" என்று எழுதியிருக்கிறது.

தொலைபேசியில் இதைத் தொடங்கினால் நீ வேறு கதைக்குப் போய்விடுவாய். அதனால்தான் கடிதம்.

1995 இல் போர்நிறுத்தம் இருந்த அந்த மூன்று மாதத்துக்குள், வலையிறவுப் பாலத்தால் நாம் மூன்று சைக்கிளில் படுவான்கரைக்குப் போனோம். கன்னன்குடாவில் உன் அப்பா பழக்கிய வடமோடிக் கூத்தின் அரங்கேற்றம். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு விடியவிடிய ஒரு கூத்து. உன் ரெக்கோடரைக் கவிழ்த்துவைத்த உரலின் மேல் வைத்தோம். பற்றரிகளை இரண்டு நாள் வெயிலில் காயவைத்துக் கொண்டுபோயிருந்தோம். கசெட் ஒன்றே ஒன்று, தொண்ணூறு நிமிடம். விடியும்வரை நடக்கும் கூத்தைத் தொண்ணூறு நிமிடத்துக்குள் எப்படி அடக்குவது? உன் அப்பாதான் மத்தளத்தில் இருந்தபடியே கண்ணைக் காட்டுவார், நீ அமுக்குவாய். மறுபடி கண்ணைக் காட்டுவார், நிறுத்துவாய். பக்கம் மாற்றியபோது பாதி விருத்தம் போனதற்கு உனக்கு ஏச்சு விழுந்தது. விடிந்ததும் அவரே பேனாக்கத்தியால் கசெட்டின் மேல்விளிம்பில் இருந்த இரண்டு தடுப்பையும் உடைத்துவிட்டு, "இனி ஒருவனும் இதற்கு மேலே சினிமாப் பாட்டு அடிக்க முடியாது" என்றார்.

சுனாமியில் நாவலடி வீட்டோடு மத்தளமும் ஏட்டுக் கொப்பிகளும் போயின. அவரும் போனார். உன் மருமகனுக்கு அப்போது மூன்று வயது. அந்தக் குரல் அவனுக்கு நினைவில்லை. அக்காவிடமும் ஒன்றும் இல்லை. நீ 1998 இல் கொண்டுபோன அந்தக் கசெட் மட்டும்தான்.

நீ அதைப் போட்டுக் கேட்பதில்லை என்று எனக்குத் தெரியும். ஏன் என்றும் தெரியும். பிள்ளைகளுக்கு முழுவதும் வேண்டாம். இரண்டாம் பக்கத்தின் நடுவில் பிற்பாட்டுக்காரர் நிறுத்தியபின் மத்தளம் மட்டும் தனியே வரும் இடம் ஒன்று உண்டு. என் நினைவு சரியானால், அதன் முடிவில் அவர் கனைத்துவிட்டு, அடுத்த வரவுக்காரனைப் பார்த்து "மறுகா?" என்பார். கூல் ஹேர்க்கைப் போல அந்தத் துண்டை இழுக்கப் போகிறார்களாம். அவன் உன்னிடம் கேட்கமாட்டான். "மாமா தருவதென்றால் தருவார்" என்று விட்டுவிட்டான். நான் எழுதுவதும் அவனுக்குத் தெரியாது.

தரச் சம்மதம் என்றால் இதைக் கவனி. கசெட்டைப் போட்டுப் பரிசோதிக்காதே. வேகமாகச் சுற்றவும் வேண்டாம். தொண்ணூறு நிமிட நாடா மெல்லியது, முப்பது வருடத்துப் பழையது, இழுபட்டால் போச்சு. தொய்ந்திருந்தால் பென்சிலை விட்டு மெதுவாக ஒரு சுற்று, அவ்வளவுதான். காந்தம் உள்ள எதற்கும் பக்கத்தில் வைக்காதே, ஒலிபெருக்கியின் மேலே கட்டாயம் வேண்டாம். ஆடி அமாவாசைக்குத் தீர்த்தமாட வருவதாக எழுதியிருக்கிறாயே, தபாலில் அனுப்பாமல் கைப்பையில் கொண்டுவா. விமான நிலையத்து எக்ஸ்ரேப் பெட்டி அதை ஒன்றும் செய்யாது. நல்ல ஓட்டுக்கருவி ஒன்றைத் திருக்கோவில் பொடியன் தேடிப்பிடித்து, நாடா உரசும் அதன் தலையைத் துடைத்து, தயாராக வைத்திருக்கிறான். எதற்கு என்று கேட்டேன். சும்மாதான் என்றான்.

நாலு மணியாகப் போகிறது. குசினி யன்னலையும் சாத்தச் சொல்லிப் பின்னறையில் இருந்து தட்டுகிறார்கள். அக்காவின் முழங்காலுக்குப் பூசும் அந்தத் தைலத்தில் இரண்டு போத்தல் கொண்டுவா, போன தடவை கொண்டுவந்தது முடிந்துவிட்டது.

அன்புடன்,
உன் மச்சான்