தாத்தா வயிறும் உன் வயிறும்

அன்புள்ள தம்பிக்கு,

"அல்சர் நம்ம பரம்பரை வியாதிம்மா, என்ன செய்ய" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாய். லேபில் வேலை பார்த்தவளிடம் அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது.

தாத்தாவின் வயிற்றுவலி பாம்பன் முழுக்கத் தெரிந்த விஷயம். வல்லம் படகில் வலை இழுக்கும்போது துண்டை வயிற்றில் இறுக்கிக் கட்டிக்கொள்வார். நடுச்சாமத்தில் வலி எழுப்பிவிடும். பழைய சோற்றில் இரண்டு கை அள்ளிப் போட்டால் கொஞ்ச நேரம் அடங்கும். சாப்பிட்டதும் அடங்குகிற வலி பெரும்பாலும் முன்சிறுகுடல் புண்ணில்தான், அதாவது சிறுகுடல் தொடங்கும் இடத்தில் வரும் அல்சரில். அப்புறம் உன் அப்பாவுக்கு, இப்போது உனக்கு.

நீ சொல்வதில் பாதி சரி. நீங்கள் மூன்று பேரும் ஓ பாசிட்டிவ். ஓ பிரிவினருக்கு முன்சிறுகுடல் புண் வரும் வாய்ப்பு கொஞ்சம் அதிகம் என்று 1950களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். 2012இல் ஜப்பானில் ஆயிரக்கணக்கானவர்களின் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தபோதும், ரத்தப் பிரிவைத் தீர்மானிக்கும் அதே மரபணு வந்து நின்றது. கூடவே பி.எஸ்.சி.ஏ என்று இன்னொன்று. அதில்தான் வேடிக்கை: அந்த மரபணுவின் எந்த வகை சிறுகுடல் புண்ணுக்கு இழுக்கிறதோ, அதே வகை இரைப்பைப் புற்றுநோய் வாய்ப்பைக் குறைக்கிறது. உன்னிடம் எந்த வகை இருக்கிறதோ, யார் கண்டது!

ஆனால் பின்லாந்தில் இரட்டையர்களை வைத்துக் கணக்குப் போட்டபோது மரபின் பங்கு சுமார் 39 சதவீதம்தான் வந்தது. மிச்சம் வெளியிலிருந்து வருவது. அதில் பெரிய ஆள் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. காரமும் கவலையும்தான் காரணம் என்று உலகமே நம்பிய காலத்தில், ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷல் என்ற டாக்டர் 1984இல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, வாந்தியும் இரைப்பை அழற்சியுமாகக் கிடந்து பார்த்தார். 2005இல் அவருக்கும், அவரோடு சேர்ந்து அந்தக் கிருமியை ஆராய்ந்த ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அந்தக் கிருமி பெரும்பாலும் சின்ன வயதில், வீட்டுக்குள்ளேயே ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிறது. ஆக, தாத்தாவிடமிருந்து உனக்கு வந்தது ரத்தம் மட்டும்தானா, ஒரே தட்டில் ஊட்டிவிட்ட சோறுமா என்று பிரித்துச் சொல்வது லேசில்லை. கிருமி இருக்கிற எல்லோருக்கும் புண் வருவதில்லை. யாருக்கு வரும் என்பதில்தான் மரபணு கொஞ்சம் கைவைக்கிறது. மரபணுவை மாற்ற முடியாது, சரி. கிருமியை விரட்டலாம் அல்லவா?

கிருமி இருக்கிறதா என்று பார்க்க மூச்சுப் பரிசோதனை செய்துகொள். அதற்கு இரண்டு வாரம் முன்பே கேஸ் மாத்திரையை, அதாவது அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை, நிறுத்தவேண்டும். டாக்டரிடம் கேட்டு நிறுத்து. இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று ரிசல்ட் வரும். லேபில் இது எனக்குப் பழகிப்போன தலைவலி. கிருமி இருந்தால் ஆன்டிபயாடிக் கோர்ஸை முழுசாக முடி. வலி நின்றுவிட்டது என்று உன் அப்பா மாதிரி பாதியில் நிறுத்தாதே. முடித்து நாலு வாரம் கழித்து மறுபடி ஒரு பரிசோதனை.

இடுப்பு வலிக்கு வெறும் வயிற்றில் ஏதோ மாத்திரை போடுகிறாய் என்று உன் மனைவி சொன்னாள். கிருமிக்கு அடுத்த பெரிய காரணம் அந்த மாதிரி வலி மாத்திரைகள்தான். அதன் பெயரை எனக்கு அனுப்பு. மலம் தார் மாதிரி கறுத்துப் போனால் போன் பண்ணிக்கொண்டிருக்காதே, நேரே ஆஸ்பத்திரிக்குப் போ.

அம்மா