தீபாவளிப் பரிசும் அதைச் சுற்றும் உறையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளிக்கு இன்னும் சில வாரங்களே இருக்க, நிறுவனங்களும் குடியிருப்போர் நலச் சங்கங்களும் பரிசுப் பெட்டிகளுக்கு முன்பணம் கொடுக்கத் தொடங்கியிருக்கும் இவ்வேளையில், அந்தப் பரிசுகளைக் குறைந்த செலவிலும் மண்ணுக்குக் கேடில்லாமலும் அமைத்துக்கொள்ள நம் கைக்கெட்டும் தூரத்திலேயே வழி இருக்கிறது என்பதைத் தங்கள் நாளிதழ் வாயிலாக எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

அலுவலகங்களில் இன்று கைமாறும் பரிசுப் பெட்டி ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். மேலே பளபளக்கும் பிளாஸ்டிக் படலம். அதன் கீழ் தங்க நிறத்தில் அச்சிட்ட தடித்த அட்டை மூடி. உள்ளே சாட்டின் துணி ஒட்டிய தெர்மாகோல். அதன்மேல் பள்ளம் பள்ளமாக அமைந்த பிளாஸ்டிக் தட்டு. அந்தப் பள்ளங்களில் ஆளுக்கொரு பிடிகூடத் தேறாத முந்திரியும் பாதாமும். கொடுப்பவர் செலவழித்த பணத்தில் கணிசமான பகுதி, பண்டிகை முடிந்த மறுநாளே குப்பைத் தொட்டிக்குப் போகிறது. அட்டையும் பிளாஸ்டிக்கும் பிரிக்க முடியாதபடி ஒட்டியிருப்பதால் பழைய பேப்பர் கடைக்காரரும் அதை எடுத்துக்கொள்வதில்லை.

இவற்றில் சில, சட்டப்படியே இருக்கக் கூடாதவை என்பது பலருக்குத் தெரியவில்லை. இனிப்புப் பெட்டிகளையும் அழைப்பிதழ்களையும் சுற்றும் பிளாஸ்டிக் படலம் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டிருக்கிறது. துணிப்பை என்று நம்பி நாம் வாங்கிக்கொள்ளும், ஓரங்கள் தையலில்லாமல் சூட்டில் ஒட்டப்பட்ட பை துணியே அன்று. அது பாலிபுரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள தடைப்பட்டியலில் அதுவும் உண்டு. ஆயினும் பண்டிகைக் காலக் கூட்டத்தில் கடைக்காரரும் கேட்பதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை.

மாற்று என்றதும் மூங்கில் பல்துலக்கி, விதைத்தாள் என்று எங்கிருந்தோ வரவழைத்து, எளியவர் எட்டிப் பார்க்க முடியாத விலையில் விற்கப்படும் 'பசுமைப் பரிசு'களையே பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது தேவையே இல்லை. தூத்துக்குடி, இராமநாதபுரம், கன்னியாகுமரி மாவட்டங்களில் இன்றும் பெண்கள் பின்னும் ஓலைப்பெட்டியைவிட நல்ல பரிசுப் பெட்டியை நான் அறியேன். பனங்குருத்தை வெயிலில் உலர்த்தி, ஈர்க்கைப் பிரித்தெடுத்து, ஓலையை ஒரே அகலத்தில் வகிர்ந்து, பின்னுவதற்கு முன் ஒடியாமல் வளைவதற்காக ஈரத்துணியில் சுற்றி வைத்து அவர்கள் செய்யும் மூடிபோட்ட பெட்டியில் முறுக்கு, அதிரசம், கருப்பட்டி, கடலை மிட்டாய் எல்லாம் பாங்காக அமரும். அடியில் வாழைச்சருகு விரித்தால் எண்ணெயும் கசியாது. உடன்குடிக் கருப்பட்டியும் கோவில்பட்டிக் கடலை மிட்டாயும் புவிசார் குறியீடு, அதாவது அந்தந்த ஊருக்கே உரிய பொருள் என்னும் சட்டப்படியான அடையாளம், பெற்றவை. செட்டிநாட்டில் பின்னும் சிறு ஓலைக்கூடையான கொட்டானுக்கும் 2013இலேயே அந்தக் குறியீடு கிடைத்துவிட்டது. தின்பண்டம் தீர்ந்த பிறகு பெட்டியில் பூண்டோ, வெங்காயமோ, ஊசி நூலோ வைத்துக்கொள்ளலாம். பல ஆண்டு உழைத்துக் கிழிந்தாலும் எருக்குழியில் மக்கிவிடும். தங்க அச்சிட்ட அட்டைப்பெட்டிக்குக் கொடுக்கும் தொகையை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்குமாறு நிறுவனங்களின் கொள்முதல் பொறுப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

அல்வா, பால்கோவா போன்ற ஈரமான இனிப்புகளுக்கு எவர்சில்வர் சம்புடமே பொருத்தம். பாத்திரக் கடையில் மொத்தமாக வாங்கினால் விலை குறையும், பெயரும் பொறித்துத் தருவார்கள். நம் பாட்டிமாருக்குச் சீராக வந்த பாத்திரங்கள் பெயரெழுத்தோடு இன்னும் எத்தனையோ வீடுகளில் புழங்குகின்றன. சம்புடமே பரிசாகிவிடுவதால் தனியே உறையும் வேண்டாம், வேறு பொருளும் வேண்டாம்.

காவலாளிகள், தூய்மைப் பணியாளர்கள், வீட்டுவேலை செய்பவர்கள் ஆகியோருக்கான பரிசைப் பற்றியும் சொல்ல வேண்டும். நமக்கு வந்து, பிரிக்காமல் கிடக்கும் அலங்காரப் பொருளை அவர்களிடம் தள்ளிவிடுவது மரியாதை ஆகாது. 1935இல் தொடங்கப்பட்ட கைத்தறி நெசவாளர் கூட்டுறவு நிறுவனமான கோ-ஆப்டெக்ஸ் பண்டிகையையொட்டித் தள்ளுபடி அளிக்கிறது. அங்கே ஒரு நல்ல கைத்தறி வேட்டியோ, புடவையோ, சென்னிமலைப் போர்வையோ எடுத்து, பணத்தோடு சேர்த்துக் கொடுத்தால் அது அவர்களுக்கும் பயன்படும், நெசவாளர் வீட்டிலும் அடுப்பெரியும். பவானி ஜமக்காளம் வாங்குவோர், விசைத்தறியில் நெய்த போலிகளும் அதே பெயரில் விற்கப்படுவதால், கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். நீண்ட காலம் உழைக்கும் பத்தமடைக் கோரைப் பாயும் நல்ல தேர்வே. பட்டு நூல் கோத்த மெல்லிய பாய்தான் விலை கூடியது, சாதாரணப் பாய் அப்படியன்று.

ஆனால் இதற்கெல்லாம் காலம் வேண்டும். அட்டைப்பெட்டியைப் போல் ஓலைப்பெட்டியை இரண்டு நாளில் ஆயிரக்கணக்கில் தயாரிக்க முடியாது. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் ஓலை காய வெயில் கிடைக்காது. அவசரப்படுத்தி வாங்கினால் பூசணம் பிடித்த பெட்டிதான் கைக்கு வரும். பிறகு 'கைவினைப் பொருள் தரமில்லை' என்று பழியும் பின்னுபவர்கள்மேல் விழும். எனவே புரட்டாசி முடிவதற்குள் எண்ணிக்கையைச் சொல்லி, ஒரு பகுதித் தொகையை முன்பணமாகக் கொடுத்துவிடுவதே முறை. இவ்வாண்டு அதற்கும் காலம் போதாதவர்கள் பொங்கலுக்காவது இப்போதே சொல்லி வைக்கலாம்.

மாவட்டந்தோறும் உள்ள மகளிர் சுய உதவிக் குழுக்களில் எவை ஓலைப்பெட்டி, கொட்டான், துணிப்பை செய்கின்றன, எத்தனை நாளில் எவ்வளவு தர இயலும் என்ற விவரத்தை மகளிர் திட்ட அலுவலகங்கள் ஆண்டுதோறும் ஆவணி மாதத்திலேயே வெளியிட வேண்டும். அந்தப் பட்டியலைத் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கங்களில் அச்சிட்டு உதவுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருநெல்வேலி.