பொங்கல் நான்கு நாளும் வீடியோவுக்கு விடுமுறை: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்து பள்ளி திறந்துவிட்டது. கலைத் திருவிழாவிலும் குறுவட்ட விளையாட்டிலும் பிள்ளைகள் பரிசு வாங்கியிருக்கிறார்கள். மழையில் ஒழுகிய வகுப்பறையைச் சரிசெய்து கொடுத்தவர்களுக்கு நன்றி. பத்தாம் வகுப்புக்கு மாலை வகுப்பும் தொடங்கியாயிற்று. மற்றதைக் குடியரசு தின விழாவில் சொல்கிறேன். இப்போது வேறொன்று பேச வேண்டியிருக்கிறது.

தமிழாசிரியை ஒரு விடைத்தாளை என் மேசைக்குக் கொண்டுவந்தார். நண்பனுக்குக் கடிதம் எழுதும் கேள்வி. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், மழையில் சம்பா வயல் மூழ்கியதையும், அவன் அப்பா மண்வெட்டியோடு போய் வடிகாலை வெட்டிவிட்டதையும் அவ்வளவு அழகாக எழுதியிருந்தான். கடைசியில் ‘இப்படிக்கு உன் அன்பு நண்பன்’ வர வேண்டிய இடத்தில், ‘மறக்காம லைக் பண்ணுங்க, ஷேர் பண்ணுங்க, பெல் பட்டனை அமுக்குங்க’ என்று இருந்தது.

சிரித்துவிட்டேன். முதல் பாடவேளையிலேயே பெஞ்சில் தலை சாய்க்கிற பையன் அவன்தான் என்று தெரிந்ததும் கூப்பிட்டு விசாரித்தேன்.

“ராத்திரி எத்தனை மணிக்குப்பா தூங்குறே?”

“அப்பா போனைக் கொடுத்தப்புறம் கொஞ்ச நேரம் பார்த்துட்டுத் தூங்கிடுவேன் டீச்சர்.”

“அப்பா எப்போ கொடுப்பாங்க?”

“அவங்க பார்த்து முடிச்சப்புறம். பன்னெண்டு மணிக்குள்ள மிச்ச டேட்டாவத் தீர்க்கணும்ல.”

அன்றாடம் 1.5 ஜிபி, 2 ஜிபி என்று கணக்கு வைத்து, நள்ளிரவோடு மிச்சம் போய்விடும் என்று கம்பெனிக்காரர்கள் வைத்ததற்கு ஒரு பிள்ளையின் தூக்கம் போகிறது. ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை 9 மணி நேரமாவது தூங்க வேண்டும், பதின்ம வயதில் 8 மணி நேரமாவது வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. பன்னிரண்டுக்குப் படுத்து, ஆறரைக்கு எழுந்து பஸ்ஸைப் பிடிக்கிற பிள்ளைக்கு அது எங்கே கிடைக்கும்?

எங்கள் பங்கையும் ஒளிக்கவில்லை. 2020 மார்ச்சில் பள்ளியை மூடியபோது போன் வாங்கிக் கொடுங்கள் என்று உங்கள் வாசலுக்கு வந்து கேட்டது நாங்கள்தான். தோட்டை அடகு வைத்து வாங்கியவர்களும் உங்களில் உண்டு. பள்ளி திறந்த பிறகும் வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப்பிலேயே அனுப்பிக்கொண்டிருந்தோம். அது பிள்ளைகளுக்கு நல்ல சாக்கு. இந்த வாரம் முதல் வீட்டுப்பாடம் டைரியில் மட்டுமே வரும். ‘டீச்சர் அனுப்பியிருக்காங்க’ என்று போனைக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

நானும் யோக்கியம் இல்லை. போன மாதம் ரசப்பொடி செய்முறை பார்க்க உட்கார்ந்தவள், இரவு ஒரு மணிக்கு மாட்டுச் சந்தை வீடியோவில் இருந்தேன். எங்கள் வீட்டில் மாடே கிடையாது. ஒன்று முடியும் முன்னே அடுத்தது தானாக ஓட ஆரம்பித்துவிடுகிறது. யூடியூப் அமைப்புகளுக்குள் போய் அந்த ‘ஆட்டோபிளே’யை அணைக்கலாம். படுக்கும் நேரத்தை நினைவூட்டச் சொல்லியும் வைக்கலாம். குட்டி வீடியோக்களுக்கு அதுவும் போதாது, விரல் தானாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். நான் சார்ஜரைப் படுக்கையறையிலிருந்து கூடத்துக்கு மாற்றினேன். எழுந்து போகச் சோம்பல், அவ்வளவுதான்.

இப்போது கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். புத்தகப் பைக்குள் போன் வைத்து வருவது நிற்க வேண்டும். இனி பிடிபட்டால் பெற்றோர் நேரில் வந்து கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க முடியும். அண்ணனையோ சித்தப்பாவையோ அனுப்பாதீர்கள். வகுப்புக் குழுவில் இரவு பதினொன்றரைக்கு காமெடி வீடியோ போடும் தகப்பனார்களே, அந்தக் குழுவைப் பிள்ளைகளும் பார்க்கிறார்கள். இன்றிலிருந்து அதில் ஆசிரியர்கள் மட்டுமே பதிவிட முடியும். பிள்ளை கையிலிருந்து போனைப் பிடுங்கி, அதே வீடியோவை நீங்கள் தொடர்ந்து பார்ப்பதற்குக் கண்டிப்பு என்று பெயர் இல்லை.

கேட்பது இதுதான். போகி முதல் காணும் பொங்கல் வரை நான்கு நாள், வீட்டில் யாரும் வீடியோ பார்க்க வேண்டாம். தாத்தா உட்பட. பேசுவதற்கும், அறுவடை மெஷின்காரரைக் கூப்பிடுவதற்கும் தடையில்லை. (போகி நெருப்பில் போனைப் போட்டுவிடாதீர்கள், தவணை பாக்கி இருக்கும்.) அதன் பிறகு ஆற்றில் தண்ணீர் குறைந்தால் முறை வைத்து விடுகிறோமே, அதுபோல் போனுக்கும் முறை வைப்போம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பாடம் பார்க்க ஒரு நேரம், மற்றவர்களுக்கு ஒரு நேரம், இரவு 9 மணிக்கு மதகை அடைத்துவிட வேண்டியது.

பொங்கல் முடிந்தால் சம்பா அறுவடை. களத்திலும் கொள்முதல் நிலையத்திலும் நெல்லுக்குக் காவல் கிடக்கிற இரவுகளில் உங்களுக்குப் போன்தான் துணை என்பது எனக்குத் தெரியும். அதைக் குறை சொல்லவில்லை. பிள்ளையைச் சும்மா இருக்க வைக்க வீட்டில் இன்னொரு போனைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள் என்றுதான் கேட்கிறேன். அந்த நாட்களில் மாலை ஆறரை வரை பள்ளி மைதானம் திறந்திருக்கும், ஒரு ஆசிரியர் கூட இருப்பார்.

எத்தனை வேலைக்கு நடுவிலும் கூப்பிட்ட கூட்டத்துக்கு வந்துவிடுகிறீர்கள். அதற்கு என் மனமார்ந்த நன்றி. அந்த ஏழாம் வகுப்புப் பையனுக்கு மதிப்பெண் குறைக்க வேண்டாம் என்று தமிழாசிரியையிடம் சொல்லிவிட்டேன்.

பொங்கல் வாழ்த்துகளுடன்,
தலைமையாசிரியை