என் ஊர்ப் பெயரையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை இணைப்பில், தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் சாதனைகளையும் அடுத்த இலக்குகளையும் பற்றி முழுப்பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை பாதியிலேயே பேப்பரை மடித்து வைத்துவிட்டேன், அதனால்தான் இரண்டாவது தடவை. வாரியம் ஊர்க்கோடியில் கட்டிய எங்கள் கண்ணகி நகர்க்காரர்கள் ஐ.டி. கம்பெனிகளுக்குப் பக்கத்தில் இருப்பதால் வேலைவாய்ப்பு அவர்கள் வாசலுக்கே வந்துவிட்டது என்று உங்கள் நிருபர் எழுதியிருக்கிறார்.

வாசலுக்கு வருவது உண்மைதான். விடியற்காலையில் வேன் வந்து நிற்கிறது, ஹவுஸ்கீப்பிங் பெண்களை ஏற்றிக்கொண்டு போகிறது. தரையைத் துடைப்பவள் எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை. அதே கட்டடத்தில் நாற்காலியில் உட்காரப் போகிறவளைத்தான் கேட்கிறார்கள்.

என் மகள் பி.காம். முதல் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூ போனாள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்ததாம். வீடு எங்கே என்று கேட்டார்கள், சொன்னாள். கேட்ட அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு, சொல்லியனுப்புகிறோம் என்றாராம். இரண்டு வருஷம் ஆகிறது, இன்னும் சொல்லியனுப்பவில்லை. அடுத்த கம்பெனியில் தோழி சொன்னபடி வெறும் 'துரைப்பாக்கம்' என்று எழுதினாள். வேலை கிடைத்தது. பொய்யும் இல்லை பாருங்கள், பின்கோடு ஒன்றுதான்.

அப்புறம் அவளுக்கு ஒரு ஸ்கூட்டி வாங்கலாம் என்று தவணைக் கடைக்குப் போனோம். சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டுத் தலையாட்டிய பையன், ஆதாரைப் பார்த்ததும் உள்ளே போய் வந்தான். உங்கள் ஏரியா நெகட்டிவ் ஏரியா அக்கா, கம்பெனியில் பாஸ் பண்ண மாட்டார்கள் என்றான். பாவம், அவனும் கூச்சப்பட்டுக்கொண்டுதான் சொன்னான்.

வாரியத்தின் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. 1970-ல் கலைஞர் குடிசை மாற்று வாரியம் என்று தொடங்கியபோது, ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம் என்பதுதான் அதன் முழக்கம். அந்தக் காலத்தில் குடிசை இருந்த இடத்திலேயே மாடி எழுந்தது. நொச்சிக்குப்பத்து ஆட்கள் கடலை விட்டுப் போகவேண்டி வரவில்லை. கண்ணகி நகர் 2000-ல் வந்தது, பிறகு செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம். கூவத்தங்கரை, அடையாற்றங்கரை, கால்வாய்க்கரை என்று ஊருக்கு நடுவில் இருந்தவர்களெல்லாம் ஊர்க்கோடிக்கு வந்தோம். வீடு மாறியது, வேலை மாறவில்லை. மந்தைவெளியில் நான்கு வீடுகளில் வேலை செய்துகொண்டிருந்தேன். அங்கே போக ஒன்றரை மணி நேரம், திரும்ப ஒன்றரை மணி நேரம். ஒவ்வொரு வீடாக விட்டு, கடைசியில் ஒரு வீடு மட்டும் மிஞ்சியது. அந்த மாமி பஸ் காசும் சேர்த்துக் கொடுப்பார்.

2021-ல் 'குடிசை' என்ற வார்த்தை கௌரவமாக இல்லை என்று வாரியத்தின் பெயரை மாற்றினார்கள். நல்லதுதான். என் மகள் அட்ரஸை மாற்றியதும் அதே காரணத்துக்குத்தான். பழைய குடியிருப்புகளை இடித்து அதே இடத்தில் பெரிய வீடாகக் கட்டித் தருகிறார்கள் என்பதையும் உங்கள் கட்டுரை சொல்கிறது. அதையும் மனதாரப் பாராட்டுகிறேன். 195 சதுர அடியில் இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள் வேறெப்படிப் பேசுவேன்? 2020-ல் எங்கள் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வரைந்தார்கள். போட்டோ எடுக்க ஆட்கள் வந்தார்கள். படியேறி உள்ளே வந்து பார்த்தவர் ஒருவரும் இல்லை.

போகட்டும். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வாங்கியது. அந்த அணியில் எங்கள் கார்த்திகாவும் இருந்தாள். 'கண்ணகி நகர் கார்த்திகா' என்று எல்லாப் பத்திரிகையும் போட்டது. தெருவில் பட்டாசு வெடித்தோம். மகள் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து பீரோ கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். ஆனால் அடுத்த மாதமே பழையபடி 'கண்ணகி நகர் வாலிபர் கைது' என்று உங்கள் மூன்றாம் பக்கத்தில் வந்துவிட்டது. பெசன்ட் நகரில் யாராவது மாட்டினால் 'சென்னை வாலிபர்' என்கிறீர்கள். எங்கள் ஆட்களுக்கு மட்டும் ஊர்ப் பெயர் முன்னால் வந்து நிற்கிறது. மகளிடம் பேனாவை மூடி வைத்த அந்த அம்மா உங்கள் பத்திரிகையைத்தான் படிக்கிறாரோ என்னவோ.

இவ்வளவும் எழுதிவிட்டுக் கேட்கப் போவது சின்ன விஷயம்தான். கட்டுரைக்கு மேலே 'கண்ணகி நகர்' என்று போட்டிருக்கும் படம் பெரும்பாக்கத்து எட்டடுக்குக் கட்டடங்களுடையது. எங்கள் வீடுகளுக்கு லிஃப்ட் கிடையாது. ஒரு வரித் திருத்தம் போட்டால் போதும்.

இன்னொன்று. போன வருஷம் அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவரைப் பாராட்டி உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். பிரசுரித்தீர்கள், நன்றி. ஆனால் அடியில் நான் எழுதிய ஊரை எடுத்துவிட்டு 'துரைப்பாக்கம்' என்று போட்டிருந்தீர்கள். எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்திருப்பீர்கள். இந்தக் கடிதத்தைப் போட்டால், கீழே இருக்கிறபடியே போடவும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கண்ணகி நகர், சென்னை - 97.