ரயில் நேரத்துக்குக் கீழே இரண்டு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் செட்டிநாட்டு வீடுகளுக்கு நான்கு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். ஆத்தங்குடிக் கல், பர்மாத் தேக்கு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு, எதையும் விடவில்லை. கடைசிப் பத்தியில் ஒரு வரி: 'பேருந்து நிலையத்தில் படுத்துக் கிடக்கும் இளைஞர்களை அப்புறப்படுத்தினால் சுற்றுலாப் பயணிகளுக்கு நல்லது.' குப்பையைத்தான் அப்புறப்படுத்துவார்கள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

முப்பத்தோரு வருஷம் இந்தக் காரைக்குடிப் பக்கத்துப் பேருந்து நிலையங்களில் டைம் கீப்பராக இருந்தவன் நான். இப்போதும் விடியற்காலை டீ அங்கேதான். அங்கே படுப்பவர்களில் ஒருவன் பத்தொன்பது வயதுப் பையன், பரோட்டாக் கடையில் மாவு பிசைகிறான். குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவன். பதினெட்டு முடிந்ததும் டி.சி.யையும் மார்க் ஷீட்டையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்தப் பைதான் தலைக்கு. கீழே விரிப்பது, சொல்லக் கூச்சமாக இருக்கிறது, உங்கள் ஞாயிறு இணைப்பு. வழவழத் தாள், சீக்கிரம் ஈரம் ஏறாதாம். மழை நாளில் மதுரை வண்டியில் ஏறித் தூங்கிக்கொண்டே போவான், அடுத்த வண்டியில் தூங்கிக்கொண்டே திரும்புவான். "வாடகைன்னு நெனைச்சுக்கிறேன் சார்" என்பான். அறை தேடாமலா இருந்தான்? அட்வான்ஸ் பேச்சு அப்புறம்தான், முதலில் "யார் வீட்டுப் பிள்ளை?" அதற்கு அவன் என்ன சொல்வான்?

சட்டம் உங்களுக்குத் தெரியாததல்ல. 2015-ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தில், இல்லத்தை விட்டு வரும் பிள்ளைக்கு 18 வயதுக்குப் பிறகும் உதவி உண்டு. 21 வயது வரை, அதன் விதிகளின்படி அவசியமானால் 23 வரை. மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் அந்த உதவி மாதம் 4,000 ரூபாய். 2013-ல் வந்த நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டத்தில், ஒரு லட்சம் பேருக்கு, வீடற்றவர்கள் நூறு பேர் தங்கும் ஒரு நிரந்தரக் காப்பகம், இரவு பகல் திறந்திருக்க வேண்டும் என்று எழுதினார்கள். 2011 கணக்கெடுப்பிலேயே காரைக்குடியில் 1,06,714 பேர். டைம் கீப்பருக்கே கணக்கு வருகிறது.

இதையெல்லாம் சொல்லி அவனை ஓர் அலுவலகத்துக்குக் கூட்டிப் போனேன். மூன்று மேஜை மாறினோம். மூன்றாவது மேஜைக்காரர் இருப்பிடச் சான்று கேட்டார். இருப்பிடம் இல்லை என்று சொல்ல வந்தவனிடம்! அதைத் தங்களுக்கு எழுதினேன். அந்த வாரம் தாங்கள் தெருநாய்க் கடிதத்தைப் பிரசுரித்தீர்கள். நாய் கடித்தால் வலிக்கும்தான், மறுக்கவில்லை. அதற்கு முன், யாரும் படுக்க முடியாதபடி பெஞ்சுக்கு நடுவில் இரும்புக் கம்பி வைத்ததைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதினேன். 'பயணிகளுக்கு இருக்கை வசதி' என்று தலைப்பிட்டு மூன்று வரியாக்கினீர்கள். நான் பாராட்டி எழுதியதாக நினைத்து மருமகன் போன் செய்தார்.

1863-லேயே காசியில் சத்திரம் கட்டிய நகரத்தாரின் சீமை இது. நான் தர்மம் கேட்கவில்லை, அரசு ஒதுக்கும் பணம் இந்தப் பையன்கள் வரை வரட்டும் என்கிறேன்.

தங்களால் ஆகக்கூடியது சின்னது. ரயில் நேரம் போடும் கட்டத்துக்குக் கீழே, மாவட்டத்தில் எந்தக் காப்பகம் எங்கே இருக்கிறது, யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று தினமும் இரண்டு வரி போடுங்கள். இடம் போதாவிட்டால் ராசிபலனில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். இந்தக் கடிதத்தைச் சுருக்குவதானால் என் பெயரை மட்டும் எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டைம் கீப்பர்,
காரைக்குடி