படமெடுத்த ஊரில் திரையிடுங்கள்

ஐயா,

எண்ணூர் மீனவர்களைப் பற்றிய ஆவணப்படங்கள் குறித்த தங்கள் கட்டுரையைப் படித்தேன். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த கொசஸ்தலை ஆற்றையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் பரவிய எண்ணெய்ப் படலத்தையும் பதிவு செய்தவர்களின் உழைப்பு பெரிது. ஆனால் இப்படங்கள் முதலில் திரையிடப்பட வேண்டியது எடுத்த ஊரில்தான்.

எண்ணெய் பரவிய வாரம் எங்கள் குப்பத்துக்கும் ஒரு குழு வந்தது. ஆற்றில் கையால் தடவி இறால் பிடித்தவர் என் தாயார். அவர் தார்போல் கறுத்த வலையை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைப்பதை அரைநாள் படமெடுத்தார்கள். அந்தப் படத்தை அவர் இன்றுவரை பார்க்கவில்லை. புதிய ஆலைகளுக்கான கருத்துக்கேட்புக் கூட்டங்களுக்கு முன்பாக, இத்தகைய படங்களை மீனவக் கிராமங்களில், அதிகாரிகளும் அமர்ந்து பார்க்கும்படி மாவட்ட நிர்வாகம் திரையிட வேண்டும்.

ஒரு வாசகர், எண்ணூர்